எலக்ட்ரான் விழும் காலைகள்

1

என் மகள் மகிழின் பள்ளியிலிருந்து சந்திப்புக்கு வரச் சொல்லிச் செய்தி வந்தது. நம் பக்கம் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் மதிப்பெண் குறைந்திருக்கும், இல்லையென்றால் பிள்ளை யாரையாவது கடித்து வைத்திருக்கும். ஸ்வீடனின் வடகோடியில் உள்ள இந்தச் சுரங்க ஊரில் அப்படி ஒரு செய்தி வந்தால் எங்களைப் போன்ற குடும்பங்களில் அன்றைக்குச் சோறு இறங்காது. பிள்ளை வளர்ப்பில் ஏதோ சரியில்லை என்று பள்ளி சமூக நலத் துறைக்கு எழுதினால் போதும், விசாரணை வரும், விசாரணை வந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம் ஆட்கள் விருந்துகளில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்வார்கள். யாருக்கு அப்படி நடந்தது என்று கேட்டால் யாரும் பெயர் சொல்வதில்லை. எல்லாருக்கும் தெரிந்த யாரோ ஒருவருக்கு நடந்திருக்கும்.

செய்தி நான்கே வரிதான். மகிழின் காலை வருகை பற்றிப் பேச வேண்டும், மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருப்பார், அப்பாவும் வர முடிந்தால் நல்லது. கடைசி வரியில் ஒரு சிரித்த முகம் போட்டிருந்தார்கள். அந்த முகத்தை நான் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்தேன். அது என்ன சொல்கிறது என்று பிடிபடவில்லை.

மகிழுக்கு ஆறு வயது. இங்கே ஆறு வயதிலிருந்து பள்ளி கட்டாயம். இந்த இலையுதிர் காலத்தில் அவள் பல காலைகள் பள்ளிக்குப் போகவில்லை. அந்த நாட்களிலெல்லாம் பள்ளியின் செயலியில் 'உடம்பு சரியில்லை' என்று நான் பதிந்தேன். அவள் உடம்புக்கு ஒன்றுமில்லை. நான்தான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து படிக்கிறவர்களில் பாதிப் பேர், இதில் என்ன தப்பு என்பீர்கள். மீதிப் பேர், இது படித்த பெண்தானா என்பீர்கள். நான் இரண்டு கட்சியிலும் இருக்கிறேன்.

2

என் கணவர் தினேஷ் திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் அந்த ஊரின் ரிக் வண்டிகள் போர் போடாத மாநிலம் இல்லை. அவர் குடும்பமும் ரிக் வைத்திருக்கிற குடும்பம்தான். இவர் பொறியியல் படித்துவிட்டு, இங்குள்ள சுரங்கத்தில் துளையிடும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்கு வந்தார். நான் ராசிபுரம். சேலத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவள். இங்கே ஓர் ஆய்வு நிலையத்தில் பகுதி நேர வேலை பார்க்கிறேன், பெரும்பாலும் வீட்டிலிருந்தே.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். விண்மீன் கூட்டங்களிலிருந்து ஓயாமல் ஒரு ரேடியோ இரைச்சல் பூமிக்கு வந்துகொண்டிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும் கருவிக்கு ரியோமீட்டர் என்று பெயர். பனிவெளியில் கம்பி கட்டிய கம்பங்களாக நிற்கும், பார்த்தால் துணி காயப்போடுகிற கொடிபோல இருக்கும். திடீரென்று அந்த இரைச்சல் மங்கினால், தலைக்கு மேலே காற்று மண்டலத்தின் உச்சியில் ஏதோ ஒன்று நடுவில் புகுந்து அதை விழுங்குகிறது என்று பொருள். திரையில் கோடு சரியும். அந்தச் சரிவு உண்மையா, அக்கம்பக்கத்து இயந்திரம் எதுவும் செய்த குழப்பமா என்று பார்த்துக் குறியிடுவது என் வேலை.

நடுவில் புகுவது எலக்ட்ரான். பூமியின் காந்தப் புலத்தில் சிக்கிய எலக்ட்ரான்கள் வடக்குக்கும் தெற்குக்குமாக ஓயாமல் போய் வந்துகொண்டிருக்கின்றன. சூரியனிலிருந்து வரும் காற்று வேகமெடுக்கும் நாட்களில் அங்கே எழும் அலைகள் அவற்றைத் தட்டிவிடுகின்றன. தட்டுப்பட்டவை காந்தக் கோடுகளின் வழியே கீழே விழுகின்றன. வேகம் குறைந்தவை நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே நின்று பச்சை ஒளியாக ஆடும். சுற்றுலாக்காரர்கள் பார்க்க வருவது அதைத்தான். வேகம் மிகுந்தவை இன்னும் கீழே, எழுபது எண்பது கிலோமீட்டர் வரை இறங்கும். அவை இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. அந்த விழுகை காலையில்தான் அதிகம். சரியாகப் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம்.

ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் மேலே இது நடப்பதில்லை. பூமியின் காந்த நடுக்கோடு நம் தெற்கத்தி மாவட்டங்களை ஒட்டிப் போகிறது, அதனால் நம் தலைக்கு மேலே காந்தக் கோடுகள் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடக்கின்றன. அவற்றின் வழியே எதுவும் கீழே இறங்க முடியாது. இங்கே அதே கோடுகள் செங்குத்தாக நிற்கின்றன. கூரை போட்ட வீட்டில் பிறந்து, கூரையில்லாத வீட்டுக்கு வாழ வந்ததுபோல என்று முதன்முதலில் படித்தபோது நினைத்துக்கொண்டேன். அறிவியலில் அப்படி ஒரு ஒப்புமைக்கு இடமில்லை. தரைக்கு எதுவும் வருவதில்லை. நம் தலைக்கும் அந்த எலக்ட்ரான்களுக்கும் நடுவே அத்தனை காற்றும் இருக்கிறது. இதை நான் எங்கே கேட்டாலும் சொல்வேன், எழுதிக் கையெழுத்தும் போடுவேன்.

3

இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு கரு நிலைக்கவில்லை. மூன்றாவது மாதம் முடிகிற சமயம். மருத்துவமனையில் நீங்கள் செய்த எதனாலும் இது நடக்கவில்லை என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

ஊரிலிருந்து நங்கை கூப்பிட்டார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்போம். திருச்செங்கோட்டில் குடும்பத்து ரிக் ஆபீஸை நடத்துவது அவர்தான். எந்த வண்டி எந்த மாநிலத்தில் எந்தக் காட்டில் நிற்கிறது, எந்த ஓட்டுநர் எந்தப் பொய்யைச் சொல்கிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முதலில் கொஞ்ச நேரம் என்னோடு சேர்ந்து அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"ஏஞ் சத்யா, அந்த வாரந்தான நீ வானத்துல பச்சையா ஆடுதுன்னு வீடியோ அனுப்புன?"

"ஆமாங்க நங்கை."

"மாசமா இருக்கறவ அதுக்கடியில போய் நின்னயா?"

"அது கெரகணம் இல்லீங்க நங்கை. எலக்ட்ரான் மேலருந்து விழுகறது."

"என்னது, விழுகுதா?"

அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் அந்த ஒரு வினைச்சொல்லுக்கு முன்னால் நிற்கவில்லை. காந்தக் கோடு செங்குத்தாக நிற்பதைச் சொன்னேன். போர் பைப் மாதிரியா என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

"எத்தன அடியில நிக்குது?"

"எழுவது கிலோமீட்டருக்கு மேலயே நின்னுருமுங்க. கீழ வராது."

"போர்க் குழிக்குள்ள கேசிங் பைப்பு எறக்குனா அதுலயே ஓரங் கசியுது சாமி. அத்தன ஒசரத்துலருந்து வர்றது, ஒரு சொட்டுக்கூடக் கசியாதுங்கறயா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒரு சொட்டு கசியத்தான் செய்கிறது. வேகமான எலக்ட்ரான் காற்றில் மோதி நிற்கும்போது கொஞ்சம் எக்ஸ் கதிர் பிறக்கிறது. முப்பது கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் பலூன்களில் அதை அளந்திருக்கிறார்கள். அதற்குக் கீழே உள்ள காற்று அதையும் விழுங்கிவிடும். இது எனக்குத் தெரியும் என்பதால் 'இல்லீங்க நங்கை' என்று உடனே சொல்ல வரவில்லை. அந்த ஒரு நொடி மௌனத்தை அவர் பிடித்துக்கொண்டார். ஓட்டுநர்களின் மௌனங்களைக் கேட்டே பழகிய காது.

இந்த வருடம் மறுபடி உண்டானதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அது எந்த நேரத்துல விழுகும்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. கோடு சரியறதைப் போன்லயே பாக்கலாம்."

"கெரகணத்துக்குப் பஞ்சாங்கத்துல நேரம் போடுவாங்க. உன்ற எலக்ட்ரானுக்கு நீயேதான் பஞ்சாங்கம். அந்த நேரத்துக்கு ஊட்டுக்குள்ள இரு. வேறொண்ணும் நான் கேக்கல."

சரிங்க என்றேன். வேண்டாவெறுப்பாகச் சொல்லவில்லை. யாராவது எனக்கு அப்படி ஒரு விதியைப் போட்டுத் தர மாட்டார்களா என்று நானே காத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

மகிழ் வயிற்றில் இருந்தபோது திருச்செங்கோட்டில் இருந்தேன். அந்த மார்கழியில் காலை நேரத்தில் சூரிய கிரகணம் வந்தது, சூரியன் வளையமாகத் தெரிந்த கிரகணம். நங்கை ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்து என் அறை ஜன்னலில் ஆணி வைத்து அடித்தார். அவர்கள் ரிக் கம்பெனியின் பேனர், தொலைபேசி எண் தலைகீழாக இருந்தது. பிறகு ஆபீஸைப் பூட்டிவிட்டு வந்து கிரகணம் விடும்வரை என் பக்கத்தில் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். என்னை எதையும் நறுக்க விடவில்லை, நகத்தைக் கடிக்கவும் விடவில்லை. ஓட்டுநர்களைப் பற்றி அவர் சொன்ன கதைகளை இங்கே எழுத முடியாது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்து, அதற்கும் அவரே பயந்தார்.

மகிழ் நல்லபடியாகப் பிறந்தாள். அது எதற்கும் ஆதாரமாகாது என்று எனக்குத் தெரியும். அதை ஆதாரமாக வைத்துக்கொள்ளவும் செய்தேன்.

4

விதி என்னவோ சிறியதுதான். நடைமுறையில்தான் அது பெருத்துவிட்டது. தினேஷ் அதிகாலை ஷிப்டுக்குப் போய்விடுவார். மகிழைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போக என்னை விட்டால் ஆளில்லை. ஏழு மணிக்குப் போனில் கோட்டைப் பார்ப்பேன். நேராக இருந்தால் தலை வாரி, கம்பளிக்கு மேல் கம்பளி மாட்டிக் கிளம்புவோம். சரிந்திருந்தால் கிளம்ப மாட்டோம். கொஞ்சமாகச் சரிந்தால் என்ன செய்வது என்று விதியில் இல்லை. அதனால் கொஞ்சம் சரிந்தாலும் வீட்டிலேயே இருந்துகொண்டோம்.

தினேஷிடம் மறைக்கவில்லை. அவர் முதலில் சிரித்தார்.

"நான் ஆயரம் மீட்டருக்கு அடியில இருக்கறேன். என்னைய எந்த எலக்ட்ரானும் ஒண்ணும் பண்ணாது. வேணும்னா நீயும் கெளம்பி வா, டிபன் கேரியரோட உள்ள எறக்கி வுடறேன்."

"வெளயாடாதீங்க. உங்கக்காதான் சொன்னாங்க."

"அக்கா சொல்லுச்சுன்னா நான் என்ன சொல்றது. ஆனா புள்ளைய எதுக்குப் புடிச்சு வெக்கற?"

"நான் வரலைன்னா அவ எப்படிப் போவா?"

ஷிப்டு மாற்றிக் கேட்கிறேன் என்றார். கேட்டாரா என்று நானும் கேட்கவில்லை. போன முறை நடந்ததைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதே கிடையாது. என்னை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் பேச்சு அங்கே போய்விடும் என்று அவருக்குப் பயம்.

மகிழுக்கு முதல் சில நாட்கள் கொண்டாட்டமாக இருந்தது. பிறகு அலுத்துவிட்டது. வாரத்தில் ஒரு நாள் அவள் வகுப்பு முழுவதும் காட்டுக்குப் போகும். தீ மூட்டி, குச்சியில் எதையாவது குத்திச் சுட்டுத் தின்றுவிட்டு, சேறும் பனியுமாகத் திரும்பி வருவார்கள். இரண்டு முறை அது கோடு சரிந்த நாளாக அமைந்துவிட்டது. இரண்டாம் முறை அவள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். பொம்மைகளோடு அவள் பேசுவது ஸ்வீடிஷில். என்னோடு பேசுவது தமிழில், ஆனால் கோபம் வந்தால் பொம்மைகளின் மொழிக்குப் போய்விடுவாள். அன்று தமிழிலேயே சொன்னாள்.

"அம்மா, உனக்குப் பயமா இருந்தா நீ வராத. நான் மட்டும் போறேன்."

"தனியாப் போகக் கூடாது தங்கம்."

"மேல இருந்து விழறது என் மேல விழாதா?"

"விழாது. யார் மேலயும் விழாது."

"அப்ப உன் மேல?"

அவளுக்குத் தோசை ஊற்றினேன்.

5

சந்திப்பு அறையில் சிறிய நாற்காலிகள் போட்டிருந்தன. எதிரே வகுப்பாசிரியை லேனா இருந்தாள். என்னைவிட இளையவள், இங்கே ஆசிரியர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பக்கத்தில் பள்ளித் தலைமையாசிரியர். மேசையில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி, அதற்குள் மொழிபெயர்ப்பாளர். எனக்கு ஸ்வீடிஷ் தெரியும் என்று சொல்லியும், முக்கியமான பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் வைப்பது விதி என்று பதில் அனுப்பியிருந்தார்கள். 'முக்கியமான' என்ற சொல் என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. தினேஷுக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

பெட்டிக்குள் இருந்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழர், வயதான குரல்.

"வணக்கம் அம்மா. நீங்கள் சொல்லுறதை அப்படியே சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். ஆறுதலாக் கதையுங்கோ."

லேனா நேராகவே தொடங்கினாள். மகிழ் பல நாட்கள் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று பதிவு இருக்கிறது. ஆனால் மகிழ் வகுப்பில் வேறு சொல்கிறாள். வானத்திலிருந்து ஏதோ விழுகிறது என்று அம்மா கதவைச் சாத்திக்கொள்கிறாள், அம்மா ஏழு மணிக்குப் போனைப் பார்ப்பாள், அம்மா முகம் மாறினால் அன்றைக்குப் பள்ளி கிடையாது.

ஸ்வீடிஷில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையுமாக அதை நான் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை அது ஒரு நோயாளியின் கதைபோலவே இருந்தது.

வரும்போது வேறொரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். மசக்கை, தலைசுற்றல், பனியில் வழுக்கிவிடுமோ என்ற பயம். எல்லாமே நம்பக்கூடியவை. ஆனால் மகிழ் உண்மையைச் சொல்லிவிட்டாள். இப்போது நான் பொய் சொன்னால் பொய்க்காரி ஆகப்போவது அவள். அதனால் பெட்டியைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். கிரகணத்திலிருந்து தொடங்கினேன். ரியோமீட்டர் வந்தது, நங்கை வந்தார், கடைசியில் இரண்டு வருடங்களுக்கு முன் நடந்ததும் வந்தது. சொல்லிக்கொண்டே போனேன். பெட்டிக்குள் இருந்தவர் இடைமறிக்கவே இல்லை. நான் முடித்த பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, என் பேச்சு முழுவதையும் 'நான், நான்' என்றே நிதானமாக ஸ்வீடிஷில் சொன்னார். ஒரு கிழவரின் குரலில் என் கரு கலைந்ததை நான் கேட்டேன்.

லேனா சிரிக்கவில்லை. "விழுகிற அது மகிழுக்கு ஆபத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லை" என்று நேராக ஸ்வீடிஷிலேயே சொன்னேன்.

"உங்களுக்கு?"

"இல்லை. அது என் வேலை. எனக்கு நன்றாகத் தெரியும்."

"ஆனாலும் வெளியே வர முடியவில்லை."

"முடியவில்லை."

அவள் எதையோ எழுதினாள். பெட்டியிலிருந்து மெல்லத் தமிழ் வந்தது. "நான் இதைச் சொல்லக் கூடாது பிள்ளை. என்ர மனுசி இண்டைக்கும் கிரகணத்துக்கு வெளியில வாறேல்ல. முப்பது வருசமா இந்த நாட்டில இருக்கிறா."

தலைமையாசிரியர் நிமிர்ந்தார். "என்ன சொன்னார்?"

விதிப்படி அதையும் அவர் மொழிபெயர்த்தாக வேண்டும். மொழிபெயர்த்தார். முதன்முறையாக அந்த அறையில் எல்லாரும் கொஞ்சம் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அதையும் எழுதிக்கொள்வார்களோ என்று உடனே துடைத்துக்கொண்டேன்.

முடிவு இதுதான். எங்கள் தெருப்பக்கத்துப் பிள்ளைகள் காலையில் வரிசையாக ஒன்றாக நடந்து பள்ளிக்கு வருகிறார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு பெற்றோர் முறை வைத்து அவர்களைக் கூட்டி வருவார். மகிழ் அதில் சேர்ந்துகொள்ளலாம். கோடு எப்படி இருந்தாலும் அவள் பள்ளிக்கு வந்துவிடுவாள். இனி காரணமில்லாமல் வராமல் இருந்தால் சமூக நலத் துறைக்குத் தெரிவிப்பது தங்கள் கடமை என்று தலைமையாசிரியர் சொன்னார். மிரட்டல் தொனியே இல்லை. தொனி இருந்திருந்தால் ஒருவேளை இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எழுந்திருக்கும்போது லேனா சொன்னாள், அந்த வரிசையில் பிள்ளை சேர்ந்தால் பெற்றோரும் ஒரு நாள் முறை எடுத்துக்கொள்ள வேண்டும், வியாழக்கிழமை காலியாக இருக்கிறது.

முடியாது என்று சொல்ல அது இடமில்லை.

6

முதல் வியாழக்கிழமை கோடு நேராக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மற்ற நாட்களில் மகிழ் மஞ்சள் மேலங்கி மாட்டிக்கொண்டு வரிசையில் போனாள். கோடு சரிந்த ஒரு செவ்வாய்க்கிழமை ஜன்னலில் நின்று அவள் போவதைப் பார்த்தேன். ஆபத்து இல்லையென்றால் நான் ஏன் உள்ளே இருக்கிறேன், ஆபத்து உண்டென்றால் அவளை எப்படி அனுப்பினேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்துகொண்டு நின்றேன்.

மூன்றாவது வியாழக்கிழமை ஏழு மணிக்குப் போனை எடுத்தேன். கோடு கீழே விழுந்து கிடந்தது. இந்தப் பருவத்தில் நான் பார்த்த சரிவுகளில் பெரியது. குழப்பம் எதுவுமில்லாத சுத்தமான சரிவு, எந்தக் குறியை வைக்க வேண்டும் என்று யோசிக்கவே தேவையில்லாத வகை.

தினேஷ் சுரங்கத்துக்குள் இருந்தார். பெற்றோர் குழுவில் 'காய்ச்சல், இன்று யாராவது போக முடியுமா' என்று தட்டினேன். அனுப்பவில்லை. பிள்ளைகளின் அம்மாக்களில் ஒருத்தி மருத்துவமனையில் நர்ஸ், ஆறு மணிக்கே போயிருப்பாள். இன்னொரு வீட்டில் அப்பா மட்டும், அவரும் ஷிப்டு. பிள்ளைகள் எட்டு மணிக்கு அவரவர் வீட்டு வாசலில் இருட்டில், விளக்குக் கம்பத்தடியில் வந்து நிற்பார்கள். இனி ஒரு தடவை காய்ச்சல் என்று நான் எழுதினால் பள்ளி எங்கே எழுதும் என்றும் தெரியும். மகிழ் மேலங்கியை மாட்டி முடித்து, என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் மேலங்கியைக் கழற்றத் தொடங்கினாள். அதுதான் என்னை அடித்தது.

"இரு மகிழ், கழட்டாத" என்று சொல்லிவிட்டு நங்கையைக் கூப்பிட்டேன். திருச்செங்கோட்டில் நண்பகல்.

"ஆபீஸ்ல இருக்கறேன், சொல்லு சாமி."

"நங்கை, இன்னிக்கு நெம்ப விழுகுதுங்க."

"ஊட்டுக்குள்ள இரு அப்ப."

"இன்னிக்கு என்ற மொறைங்க. தெருப் புள்ளைங்களையெல்லாம் நாந்தான் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போவோணும். வேற ஆளு இல்லீங்க."

"வேற ஆளே இல்லையா?"

"இல்லீங்க. எட்டு மணிக்கு அதுங்க வாசல்ல வந்து நின்னுருமுங்க."

தூரத்தில் ஏதோ வண்டி ஹாரன் அடிப்பது கேட்டது. நங்கையின் மௌனத்தை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். எதற்கும் உடனே பதில் வைத்திருப்பவர்.

"எத்தன புள்ளைங்க?"

"ஆறுங்க. மகிழைச் சேத்தா ஏழு."

"போர் போடற பாயிண்டுல ஆளுங்க காத்துட்டு இருக்கறப்ப வண்டி வராதுன்னு நான் இந்த ஆபீஸ்ல ஒருநாளும் சொன்னதில்ல சாமி." மூச்சு விடுவது கேட்டது. "ஊரான் ஊட்டுப் புள்ளைங்க. போயிட்டு வந்துரு."

"பயமா இருக்குதுங்க நங்கை."

"எனக்குந்தான் இருக்குது. நான் சொன்ன வார்த்த, நானே திருப்பி வாங்கிக்கறேன், எனக்குப் பயமா இருக்காதா? போனை வெக்காத. அப்படியே பையில போட்டுக்கிட்டு நட. நான் லைன்லயே இருக்கறேன்."

குளிரில் போன் அணைந்துவிடும் என்பதால் கோட்டுக்கு உள்ளே, வயிற்றை ஒட்டிய பையில் வைத்தேன். கதவைத் திறந்து வெளியே வந்தேன். மேலே பார்க்கவில்லை. பார்த்தாலும் எதுவும் தெரிந்திருக்காது, விடியப்போகிற சாம்பல் வானம்தான். ஒவ்வொரு வாசலாக நின்று ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டேன். ஒருவன் கையுறையை மறந்துவிட்டான், அவன் வீட்டுக்குள் போய் எடுத்து வரும்வரை அந்த வானத்துக்கு அடியில் எல்லாரும் நின்றோம். மகிழ் முன்னால் போய், வளைவில் வண்டி வருகிறதா என்று பார்த்து, ஸ்வீடிஷில் எல்லாருக்கும் கட்டளை போட்டாள். நங்கையின் அதட்டல் அப்படியே அவளுக்கு வந்திருந்தது. வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நடந்தேன். கோட்டுக்குள்ளிருந்து அவ்வப்போது ஒரு முணுமுணுப்பு வந்தது. என்ன பேசுகிறார் என்று கேட்கவில்லை. பேசுகிறார் என்பது கேட்டது.

பள்ளி வாசலில் கடைசிப் பிள்ளையும் உள்ளே போனதும் போனை எடுத்துக் காதில் வைத்தேன். நங்கை யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"கம்ப்ரசருக்கு ஆயில் மாத்துனு நேத்தே சொன்னனா இல்லையா? இப்ப வந்து தலையச் சொறியற."

"நங்கை."

"ம், சேந்துட்டயா?"

"சேந்துட்டனுங்க. அல்லாரும் உள்ள போயிட்டாங்க."

"இன்னமும் விழுகுதா?"

போனில் பார்த்திருக்கலாம். "தெரியலீங்க. பாக்கல."

"பாக்க வேண்டாம். திரும்பி ஊடு போய்ச் சேரோணுமில்ல, வெக்காத." பிறகு குரல் சற்றுத் தள்ளிப் போனது, திட்டு வாங்கிக்கொண்டிருந்த ஆளிடம் சொல்வது கேட்டது. "செத்த நேரம் நில்லு. லைன்ல எங்க புள்ள நடந்து போயிட்டிருக்கறா."

போனை மறுபடி கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன்.